பள்ளிக்கூடத் தோரணமும் நம் பிள்ளைகளும்



  

இன்று நாம் பேசவிருப்பது பார்வைக்குச் சிறிய விஷயம். பள்ளிக்கூடத்து வகுப்பறையில் ஒரு குழந்தை ஒட்டும் வண்ணக் காகிதத்தைப் பற்றியது. ஆயினும் அந்தக் காகிதத்தின் பின்னால் ஒரு பிள்ளையின் ஈமானும் இருக்கிறது, கல்வியும் இருக்கிறது. இரண்டும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத்கள். ஒன்றைக் காப்பாற்றுகிறோம் என்று மற்றொன்றைக் கைவிட்டால், அல்லாஹ்விடம் இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஒரு தாளும் ஒரு கேள்வியும்

அரையாண்டு விடுமுறை நெருங்கிய ஒரு நாள். அஸர் தொழுகை முடிந்து, மக்தப் பிள்ளைகள் வந்து அமர்ந்துகொண்டிருந்த நேரம். ஒரு சகோதரி தம் மகளின் கையைப் பிடித்தபடி பள்ளிவாசல் வாசலுக்கு வெளியே நின்றார். மறு கையில் ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு தாள்.

“ஹஜ்ரத், விடுமுறைக்கு முன் பிள்ளையின் பள்ளியில் விழா நடத்துகிறார்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு நாட்டைக் கொடுத்திருக்கிறார்களாம். ஐந்தாம் வகுப்புக்கு அயர்லாந்து வந்திருக்கிறது. வகுப்பறையை அலங்கரிக்கும் குழுவில் இவளைச் சேர்த்திருக்கிறார்கள். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. இவள் செய்யலாமா, கூடாதா? தாங்கள்தான் சொல்ல வேண்டும்” என்றார்.

தாளை வாங்கிப் பார்த்தேன். பச்சை நிறத் தோரணங்கள், மூன்று இலை கொண்ட செடியின் வடிவங்கள், வானவில், அதன் அடியில் பொற்காசுப் பானை, பச்சைத் தொப்பியும் தாடியும் உடைய ஒரு குள்ளன், யாழ் போன்ற இசைக்கருவி, மூவண்ணக் கொடி, கையில் கோல் ஏந்திய பாதிரியார் ஒருவர், ஓரத்தில் நுரை ததும்பும் குவளை. அயர்லாந்து மக்கள் ஆண்டுதோறும் மார்ச் 17 அன்று கொண்டாடும் புனித பேட்ரிக் திருநாளுக்கான அலங்காரங்களை ஆசிரியை இணையத்திலிருந்து எடுத்து அப்படியே பட்டியலிட்டிருந்தார்.

அந்தச் சகோதரியின் முகத்தை அதற்குப் பின்புதான் சரியாகப் பார்த்தேன். பார்த்ததும் என் நாக்கு உலர்ந்துவிட்டது. காரணத்தைச் சொல்கிறேன். பெயரையும் அடையாளத்தையும் தவிர்த்துச் சொல்லிக்கொள்ள அவரே அனுமதி தந்திருக்கிறார்.

நான் செய்த தவறு

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், வேலூரில் ஓதி முடித்துப் பட்டம் பெற்ற சில காலத்தில் நான் திருத்தணிக்கு இமாமாக வந்தேன். கிதாபுகள் மனத்தில் இருந்தன. ஊர் மனத்தில் இல்லை. ஒரு நாள் மஃக்ரிப் தொழுகைக்கு இகாமத் சொல்லும் நேரத்தில் ஒரு சகோதரர் விரைந்து வந்து, “ஹஜ்ரத், என் மகளை விழாவுக்குத் தோரணம் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?” என்று கேட்டார்.

நம் ஊர் மலைமேல் முருகன் கோயில் உள்ள ஊர். ஆறுபடை வீடுகளுள் ஒன்று. ‘விழா’, ‘தோரணம்’ என்ற இரண்டு சொற்களும் காதில் விழுந்ததும் கோயில் திருவிழா என்றே என் மனம் முடிவு செய்துவிட்டது. எந்த விழா, எங்கே, என்ன தோரணம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. “கூடாது” என்று சொல்லிவிட்டு ஸஃப்பை நோக்கி நடந்துவிட்டேன்.

அது ஆசிரியர் தின விழா. செப்டம்பர் 5. இந்தியா முழுவதும் 1962 முதல் அந்நாள் ஆசிரியர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. அந்த நாளுக்குக் காரணமான டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 5 அன்று பிறந்தது இதே திருத்தணியில். தம் ஊரில் பிறந்து நாட்டின் குடியரசுத் தலைவராக உயர்ந்த ஓர் ஆசிரியரின் நினைவாக, தமக்குப் பாடம் சொல்லித் தரும் ஆசிரியைகளை வரவேற்க, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வண்ணக் காகிதத்தைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான் அந்தத் தோரணம்.

அன்று அந்தப் பெண்பிள்ளை வீட்டில் நிறுத்தப்பட்டாள். பின்னர் ஆண்டு விழா வந்தது. அதற்கும் அனுப்பவில்லை. ‘அங்கே ஏதாவது வந்துகொண்டேதான் இருக்கும்’ என்று எண்ணிய தந்தை, எட்டாம் வகுப்போடு படிப்பையே நிறுத்திவிட்டார். அவர் நல்ல மனிதர். மார்க்கத்துக்கு அஞ்சியவர். இன்று நம்மிடையே இல்லை. அல்லாஹ் அவருடைய கப்ரை ஒளிமயமாக்குவானாக! அவர் தம் விருப்பப்படி ஒன்றும் செய்யவில்லை. என் ஒற்றைச் சொல்லை நம்பினார்.

அந்தப் பெண்பிள்ளைதான் இன்று தாயாகி, தம் மகளின் பள்ளித் தாளை வாசிக்கத் தெரியாமல் என் முன் நின்றவர். அவர் குறை எதுவும் கூறவில்லை. “ஹஜ்ரத், அன்று என் அத்தாவிடம் எந்த விழா என்று நீங்கள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்” என்று மட்டும் மெல்லச் சொன்னார். இருபது ஆண்டுகள் மிம்பரில் நின்று பேசியவனுக்கு அன்று பதில் இல்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, “எனக்கு அயர்லாந்தைப் பற்றித் தெரியாது அம்மா. மூன்று நாள் அவகாசம் தாருங்கள். விசாரித்துச் சொல்கிறேன்” என்றேன்.

சகோதரர்களே! ‘தெரியாது’ என்று சொல்வது ஆலிமுக்கு இழுக்கு என்று சிலர் கருதுகிறார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தம்மிடம் கேட்கப்பட்ட பல கேள்விகளுக்குத் ‘தெரியாது’ என்றே பதிலளித்தவர்கள். அத்தகைய பேரறிஞருக்கு அது இழுக்காகவில்லை. விசாரிக்காமல் சொல்லும் ‘கூடாது’ என்ற சொல்லும், விசாரிக்காமல் சொல்லும் ‘பரவாயில்லை’ என்ற சொல்லும் ஒரே குற்றத்தின் இரு முகங்கள்.

திரைச்சீலை தரும் பாடம்

அலங்காரத்தைப் பற்றி மார்க்கத்தில் வழிகாட்டல் இருக்கிறதா? இருக்கிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தம் வீட்டில் உருவங்கள் உள்ள ஒரு திரைச்சீலையைத் தொங்கவிட்டிருந்தார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதைக் கண்டு வெறுத்தார்கள். உடனே அன்னையவர்கள் அந்தத் துணியைக் கிழித்துத் தலையணைகளாக ஆக்கிக்கொண்டார்கள். நபியவர்கள் அவற்றில் சாய்ந்து அமர்ந்தார்கள். இச்செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது.

இந்த நிகழ்ச்சியைச் சற்று நிதானமாகச் சிந்தியுங்கள். ஆட்சேபம் சொல்லப்பட்டது, மறைக்கப்படவில்லை. ஆனால் துணி தீயில் இடப்படவுமில்லை, தெருவில் எறியப்படவுமில்லை. விலக்க வேண்டியது விலக்கப்பட்டது. மிஞ்சியது பயனுள்ள பொருளாயிற்று. வீட்டில் சண்டையில்லை, விரயமில்லை. நம் பிள்ளைகளின் பள்ளிக்கூட விஷயத்தில் இந்த வழியைத்தான் நாம் கையாள வேண்டும்.

பிற சமுதாயத்தாருக்கு ஒப்பாக நடப்பதைக் கண்டிக்கும் நபிமொழி அபூதாவூதில் உள்ளது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு விளக்கமளித்த அறிஞர்கள், ஒரு சமயத்தின் வணக்கத்துக்கும் கொள்கைக்கும் உரிய தனிச் சின்னம் வேறு, மக்கள் எல்லாருக்கும் பொதுவான வழக்கம் வேறு என்று பிரித்துக் காட்டியுள்ளார்கள். மதீனாவில் மக்கள் விளையாடிக் கழித்த இரு நாள்களுக்குப் பதிலாக அல்லாஹ் நமக்கு இரு பெருநாள்களைத் தந்தான் என்பதும் நாம் அறிந்ததே. ஆகவே மற்றவரின் சமயத் திருநாள் நமக்குப் பெருநாள் ஆகாது. அதே வேளையில், பகைமை பாராட்டாமல் வாழும் பிற சமயத்தாருக்கு நன்மை செய்வதையும் நீதியுடன் நடப்பதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்ற கருத்தைத் திருமறையின் 60-ஆவது அத்தியாயம் தெளிவாகத் தருகிறது.

இந்த வேறுபாடு திருத்தணி முஸ்லிம்களுக்குப் புதியதன்று. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி சுமந்து வருவோர் நம் கடைவாசலில் நின்று தண்ணீர் கேட்டால் கொடுக்கிறோம். அது மனிதநேயம், நபிவழி. காவடி நம் வணக்கமன்று. அதைச் சுமப்பதுமில்லை, இகழ்வதுமில்லை. பிறர் வணங்குபவற்றை ஏசக்கூடாது என்று திருமறையின் 6-ஆவது அத்தியாயம் நமக்குக் கட்டளையிடுகிறது. தமிழும் தெலுங்கும் உருதும் ஒரே கடைவீதியில் ஒலிக்கும் இந்த எல்லை ஊரில் நம் முன்னோர் இப்படித்தான் வாழ்ந்தார்கள்.

பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

மூன்று நாள்களில், கல்லூரிப் பேராசிரியர் ஒருவரிடமும், வரலாறு படிக்கும் மாணவர்களிடமும் கேட்டறிந்தேன். நூல்களையும் பார்த்தேன். பின்னர் அந்தத் தாளிலுள்ளவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

முதலாவது பச்சைத் தோரணம், வானவில், யாழ். பச்சை அந்நாட்டின் நிறம். பயிரும் புல்லும் செழித்த தீவு அது. யாழ் அந்த அரசின் முத்திரை. வானவில் அல்லாஹ்வின் படைப்பு. இவற்றில் தடையேதுமில்லை.

இரண்டாவது கொடி. பச்சை, வெள்ளை, ஆரஞ்சு ஆகிய மூவண்ணம். 1848-இல் முதன்முதலில் ஏற்றப்பட்டது. பச்சை கத்தோலிக்கரையும், ஆரஞ்சு புராட்டஸ்டண்டினரையும் குறிக்க, நடுவில் உள்ள வெள்ளை இரு சாராருக்கும் இடையிலான சமாதானத்தைக் குறிக்கிறது. ஒரே வேதத்தைப் படிப்போர் தம்முள் மோதிக்கொண்ட நாட்டில் இத்தகைய கொடி பிறந்தது. நமக்கும் இதில் படிப்பினை உண்டு. நம் பிள்ளை இதைத் தாராளமாக வரையலாம்.

மூன்றாவது, ஷாம்ராக் எனப்படும் மூவிலைச் செடி. நம் ஊர்ப் புளியாரைக் கீரையைப் போல ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகள் உடையது. பேட்ரிக் பாதிரியார் இந்த இலையைக் காட்டித் திரித்துவக் கொள்கையை விளக்கினார் என்று ஒரு கதை வழங்குகிறது. அவர் வாழ்ந்தது 5-ஆம் நூற்றாண்டு. இந்தக் கதையோ 18-ஆம் நூற்றாண்டில்தான் எழுத்தில் வருகிறது. இலை அல்லாஹ்வின் படைப்பு. அதைச் செடியாக வரைவதில் குற்றமில்லை. ஆனால் இறைவன் ஒருவனே என்று மக்தபில் ஓதும் குழந்தை, திரித்துவத்தின் சின்னம் என்று அதன் கீழ் தன் கையால் எழுத வேண்டியதில்லை. அந்தப் பணியை மட்டும் வேறொரு பிள்ளைக்குத் தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்ளலாம்.

நான்கிலைச் செடி கிடைத்தால் அதிர்ஷ்டம் என்ற நம்பிக்கையும் அங்குண்டு. நம் ஊர் ஆரைக்கீரைக்கு எல்லாக் காம்பிலும் நான்கு இலைதான். இலையில் அதிர்ஷ்டம் இருக்குமானால் ஆரைக்கீரை விற்கும் பாட்டி என்றைக்கோ மாடி வீடு கட்டியிருப்பார்! நன்மையும் தீமையும் அல்லாஹ்வின் நாட்டப்படியே என்பதைப் பிள்ளைக்குச் சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுங்கள்.

நான்காவது, பச்சைத் தொப்பிக் குள்ளன். லெப்ரகான் என்பது அந்நாட்டுக் கிராமியக் கதைகளில் வரும் செருப்புத் தைக்கும் குட்டி உருவம். பொற்காசுப் பானையை ஒளித்து வைத்திருக்கும் என்பார்கள். கதை என்ற அளவில் பிள்ளை கேட்டுச் சிரிக்கலாம். ஆயினும் உயிருள்ளவற்றின் உருவங்களைச் செய்து சுவரில் மாட்டுவதை நம் மார்க்க அறிஞர்கள் விரும்புவதில்லை. அதைவிட யாழை வரையட்டும்.

ஐந்தாவது, நுரைக் குவளை. அது பீர். பத்து வயதுக் குழந்தைகளின் சுவரில் அது எந்தச் சமயத்தாருக்கும் தேவையில்லை. அயர்லாந்திலேயே பேட்ரிக் திருநாளில் மதுக்கடைகளை மூடி வைத்திருந்த காலமும் இருந்தது. இதை ஆசிரியையிடம் சொன்னால், இணையத்தில் வந்ததைக் கவனியாமல் எடுத்துவிட்டேன் என்று அவரே நீக்கிவிடுவார்.

ஆறாவது, கோல் ஏந்திய பாதிரியார். வணக்கத்துக்குரிய படமாக அதை நம் பிள்ளை செய்ய வேண்டாம். ஆனால் அவரைப் பற்றி அறிந்துகொள்வதில் தவறில்லை. பிரிட்டனில் பிறந்த பேட்ரிக், சிறுவயதில் கொள்ளையரால் பிடிக்கப்பட்டு அயர்லாந்தில் அடிமையாக விற்கப்பட்டார். ஆறு ஆண்டுகள் ஆடு மேய்த்தார். தப்பிச் சென்றவர், தம்மை அடிமையாக்கிய மக்களிடமே பின்னர் போதகராகத் திரும்பி வந்தார். கொள்கையில் நாம் வேறுபடுகிறோம். ஆனால் எந்த மனிதரையும் கேலி செய்யும் உரிமை நமக்கில்லை.

சுவரில் எழுதத்தக்க செய்திகள்

சகோதரர்களே! ‘இதைச் செய்யாதே’ என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அந்தப் பிள்ளை வகுப்பின் மூலையில் நிற்பாள். ‘இதைச் செய்’ என்று ஒன்றை அவள் கையில் கொடுத்தால் நடுவில் நிற்பாள். அயர்லாந்தைப் பற்றி ஒரு முஸ்லிம் பிள்ளை தைரியமாக எழுதக்கூடிய செய்திகள் உண்டா என்று தேடினேன். அல்ஹம்து லில்லாஹ், நிறையவே கிடைத்தன.

1845 முதல் 1852 வரை அயர்லாந்தில் கொடிய பஞ்சம் நிலவியது. ஏழைகளின் ஒரே உணவாக இருந்த உருளைக்கிழங்கு நோய் தாக்கி மண்ணுக்குள்ளேயே அழுகியது. ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் மாண்டார்கள். மேலும் பத்து இலட்சத்திற்கும் அதிகமானோர் கப்பலேறி நாட்டை விட்டுப் போனார்கள். அந்நேரத்தில், 1847-இல், உதுமானியப் பேரரசின் சுல்தான் அப்துல் மஜீத் அம்மக்களுக்காக ஆயிரம் பவுன் நன்கொடை அனுப்பினார். அப்போது அவர் இருபதுகளில் இருந்த இளைஞர்தான். அயர்லாந்துப் பிரமுகர்கள் கையொப்பமிட்டு அவருக்கு அனுப்பிய நன்றி மடல் இன்றும் துருக்கியில் பாதுகாக்கப்படுகிறது. பசித்தவனிடம் மதம் கேட்காதது நம் மார்க்கம் என்பதற்கு இது ஒரு சான்று.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. சுல்தான் தானியக் கப்பல்களை திரோகடா என்னும் துறைமுகத்துக்கு இரகசியமாக அனுப்பினார் என்றும், அதனால்தான் அந்நகரச் சின்னத்தில் பிறையும் நட்சத்திரமும் உள்ளன என்றும் நம்மவர் கைபேசிகளில் ஒரு செய்தி சுற்றி வருகிறது. அந்தப் பிறையும் நட்சத்திரமும் பஞ்சத்துக்கு மிகவும் முந்தியவை. கப்பல் கதைக்கும் உறுதியான ஆவணம் இல்லை என்று வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர். வந்த செய்தியைத் தீர விசாரிக்க வேண்டும் என்று திருமறையின் 49-ஆவது அத்தியாயம் நமக்குக் கற்பிக்கிறது. நமக்குப் பெருமை தரும் செய்திக்கும் இந்தக் கட்டளை பொருந்தும். ஆகவே ஆயிரம் பவுனை எழுதட்டும், கப்பலை எழுத வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

அதே பஞ்சத்தின் தொடக்கத்திலேயே நம் நாட்டின் கல்கத்தாவிலும் நிதி திரட்டி அயர்லாந்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து இங்கு வந்த நன்மைகளும் உண்டு. 1842-இல் அயர்லாந்திலிருந்து சென்னைக்கு வந்த பிரசன்டேஷன் கன்னியர் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார்கள். 1875-இல் வந்த பேட்ரிக் சபைச் சகோதரர்களின் பள்ளி இன்றும் அடையாற்றில் இருக்கிறது.

எல்லாவற்றிலும் நெருக்கமான செய்தி ஒன்று. நம் பிள்ளைகள் தினமும் பள்ளியில் பாடும் நாட்டுப்பண்ணின் மெட்டை 1919-இல் இசைக்குறிப்பாக எழுதி வைத்தவர் மார்கரெட் கசின்ஸ் என்ற அயர்லாந்துப் பெண்மணி. தாகூர் அவர்கள் மதனப்பள்ளிக் கல்லூரிக்கு வந்து தங்கியபோது அது நடந்தது. மதனப்பள்ளி அன்று சித்தூர் மாவட்டம். திருத்தணியும் அன்று சித்தூர் மாவட்டம்தான். 1960 ஏப்ரல் 1 அன்றுதான் நம் ஊர் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஆக, எங்கோ இருப்பதாக நாம் நினைத்த அயர்லாந்து ஒரு காலத்தில் நம் மாவட்டத்துக்குள்ளேயே வந்திருக்கிறது!

விழா நாளில் நடந்தது

மூன்றாம் நாள் அந்தத் தாயையும் மகளையும் அழைத்து இவற்றைச் சொன்னேன். பிள்ளை தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். ஆசிரியையிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுத்தேன். “டீச்சர், இந்த மூன்று வேலைகளை நான் செய்ய இயலாது. எங்கள் மார்க்கத்தில் இப்படி. மற்ற எல்லா வேலைகளையும் செய்கிறேன். கூடுதலாக இந்தச் செய்திகளையும் எழுதித் தரட்டுமா?” இவ்வளவுதான். கோபமும் கூடாது, கூச்சமும் கூடாது.

ஆசிரியை மறுக்கவில்லை. “இதையெல்லாம் நானே அறிந்திருக்கவில்லை” என்று சொல்லி, சுவரின் நடுப்பகுதியை அவளுக்கே ஒதுக்கினாராம். பீர்க் குவளையும் பட்டியலிலிருந்து போயிற்று. விழா நாளில் அந்தப் பிள்ளை பச்சைக் காகிதச் சட்டத்துக்குள் 1847, 1919 என்ற இரண்டு ஆண்டுகளைப் பெரிதாக எழுதி, வந்தவர்களுக்கெல்லாம் விளக்கிச் சொல்லியிருக்கிறாள்.

தாய் என்னிடம் சொன்ன ஒரு செய்தியை மட்டும் சொல்லி முடிக்கிறேன். பெற்றோரை அழைத்திருந்ததால் அவரும் சென்றார். எட்டாம் வகுப்பில் நின்றுபோன பிறகு ஒரு வகுப்பறைக்குள் அவர் சென்று அமர்ந்தது அன்றுதானாம். “அவ்வளவு சிறிய பெஞ்சு ஹஜ்ரத்” என்றார். இப்போது மகளிடமே ஆங்கில எழுத்துகளைக் கற்றுக்கொள்கிறார். என் தவறால் இழந்த ஆண்டுகளை நான் அவருக்குத் திருப்பித் தர முடியாது. அவர் மகளுக்கு அது நேராமல் பார்த்துக்கொள்ள முடியும். உங்கள் பிள்ளைகளுக்கும்.

பெற்றோர்களின் பொறுப்பு

அன்பிற்குரிய பெற்றோர்களே! நான்கு விஷயங்களை நினைவில் கொள்ளுங்கள்.

ஒன்று, பள்ளியிலிருந்து தாள் வந்தால் முழுவதும் வாசியுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுங்கள். எந்த விழா, என்ன பொருள், என் பிள்ளையின் பங்கு என்ன என்ற மூன்று கேள்விகளையும் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள். என்னிடம் வந்தாலும் இகாமத் நேரத்தில் வராதீர்கள். வந்தால் காத்திருங்கள், நானும் காத்திருந்து கேட்கிறேன்.

இரண்டு, வணக்கமும் கொள்கையும் சார்ந்தவற்றில் விட்டுக்கொடுக்காதீர்கள். அதற்காகப் பொய்க் காரணமும் சொல்லாதீர்கள். ‘காய்ச்சல்’ என்று விடுப்புக் கடிதம் எழுதுவது நம் வழக்கமாகிவிட்டது. மார்க்கத்தைக் காப்பாற்றப் பொய் சொல்லக் கற்றுக்கொண்ட பிள்ளை, நாளை மார்க்கத்துக்கே பொய் சொல்லும். உள்ளதைச் சொன்னால் பெரும்பாலான ஆசிரியர்கள் புரிந்துகொள்வார்கள்.

மூன்று, வீண்விரயம். ஒரு மணி நேர அலங்காரத்துக்குப் பிள்ளைக்கு முந்நூறு, ஐந்நூறு ரூபாய் என்று வசூலிக்கும்போது, கொடுக்க இயலாத குடும்பம் எந்தச் சமயத்தைச் சேர்ந்ததாயினும் தலைகுனிகிறது. விரயம் செய்வோரை ஷைத்தானின் உடன்பிறப்புகள் என்றே திருமறை கண்டிக்கிறது. பழைய காகிதம், மீந்த துணி, வீட்டிலுள்ள வண்ணம் இவற்றால் செய்யலாம் என்று பெற்றோர் கூட்டத்தில் நாமே முன்மொழிவோம். பிளாஸ்டிக் கொடிக்கும் தெர்மகோல் குவளைக்கும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடையும் இருக்கிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் திரையைத் தலையணையாக்கியதை இங்கும் நினைத்துக்கொள்வோம்.

நான்கு, எந்த விழாவின் காரணத்தாலும் பிள்ளையின் படிப்பை நிறுத்தாதீர்கள். ஒரு நாள் நிகழ்ச்சியில் ஒரு பகுதி சரியில்லை என்றால் அந்தப் பகுதியை விலக்குங்கள். பள்ளியை விலக்காதீர்கள். குறிப்பாகப் பெண்பிள்ளைகளின் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ளுங்கள்.

இங்கே அமர்ந்திருக்கும் ஆலிம்களுக்கும் மக்தப் ஆசிரியர்களுக்கும் என் தாழ்மையான வேண்டுகோள். நம்மிடம் கேள்வியோடு வருபவர் ஒரு குடும்பத்தையே சுமந்துகொண்டு வருகிறார். வாசற்படியில் நின்று பதில் சொல்லாதீர்கள். உட்கார வைத்துக் கேளுங்கள்.

யா அல்லாஹ்! அறியாமல் நாங்கள் சொன்ன சொற்களால் யாருடைய வாழ்வு பாதிக்கப்பட்டதோ, அவர்களுக்கு அதைவிடச் சிறந்த பகரத்தைத் தருவாயாக! எங்கள் பிள்ளைகளின் ஈமானையும் கல்வியையும் ஒருசேரப் பாதுகாப்பாயாக! சத்தியத்தைப் பணிவோடு சொல்லும் நாவையும், விசாரித்து முடிவெடுக்கும் பொறுமையையும் எங்களுக்கு அருள்வாயாக! எங்களோடு வாழும் எல்லா மக்களோடும் நீதியுடனும் நேசத்துடனும் வாழும் தவ்ஃபீக்கைத் தருவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹூ.